ஸ்டேஷனுக்கு எழுதிய லீவு லெட்டர்

எங்கள் மலைக்கு ஏறி வந்த இங்கிலீஷ் வார்த்தைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு வேலைதான். கீழே எப்படியோ, ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் லைன் என்றால் ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போவது. லோடு என்றால் வெட்டிய அந்த மரம். பாடி என்றால் துணி போர்த்தி வேனில் வந்து இறங்குவது. ஏ, பி, சி, டி எழுதப் பழகும் முன்பே இதெல்லாம் எனக்கு அத்துப்படி. வேறு அர்த்தமும் உண்டென்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

கண்டிஷனும் அப்படித்தான். லைனுக்குப் போய் மாட்டிக்கொண்ட அப்பா ஏழு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தபோது அந்த வார்த்தையும் கூடவே வந்தது. வழக்கு முடிகிற வரை, அவரைப் பிடித்த ஆந்திர ஊர் ஸ்டேஷனிலேயே திங்கட்கிழமைதோறும் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் திருப்பத்தூர் இறங்கி, அங்கிருந்து ரயிலேறிப் போவார். செவ்வாய் மதியம் கண் சிவந்து திரும்புவார். யாராவது அப்பா எங்கே என்று கேட்டால், கண்டிஷனுக்குப் போயிருக்கிறார் என்போம். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐந்தாம் வகுப்பில் சார் அந்த வார்த்தையை வைத்து இங்கிலீஷில் வாக்கியம் எழுதச் சொன்னார். என் அப்பா வாராவாரம் கண்டிஷனுக்குப் போகிறார் என்று எழுதிக் காட்டினேன். சார் மலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலில் சிரித்தார். பக்கத்திலிருந்த பெண் விளக்கிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்டிஷன் என்றால் நிலைமை, நிபந்தனை என்று ஏதேதோ சொன்னார். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த வருஷம் ஊர்த் திருவிழா வந்தது. காப்புக் கட்டிவிட்டால் எட்டாம் நாள் அவிழ்க்கிற வரை ஊர் எல்லையை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்குள் ஒரு சாவு விழும் என்று பயம். வெளியே சோலி உள்ளவர்கள் காப்புக்கு முன்பே கிளம்பிப் போய்விட வேண்டும். எட்டு நாளில் ஒரு திங்கட்கிழமை வராமல் போகுமா? அப்பா திருப்பத்தூரில் இருக்கும் மாமா வீட்டில் போய்த் தங்கிவிடுவதாக முடிவு செய்து பையை எடுத்து வைத்துவிட்டார். முந்தின வருஷத் திருவிழாவின்போது அவர் ஜெயிலில் இருந்தார். இந்த வருஷமும் அப்பா இல்லாமலா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான்தான் யோசனை சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாவிட்டால் லீவு லெட்டர் கொடுக்கிறோம். ஸ்டேஷனுக்கும் கொடுத்தால் என்ன? அப்பா என் பக்கம் திரும்பினார்.

"லெட்டர் குடுத்தா உங்க சார் ஒத்துக்கினு விட்டுடுவாரா?"

"சைன் போட்டுடுவாருப்பா. ஒண்ணுமே கேக்க மாட்டாரு."

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "போலீசு இன்னா பள்ளிக்கூடமா? கம்முனு பஸ் ஏறுங்க" என்றாள். ஆனால் ஊர்க்கவுண்டர் என் பக்கம் சேர்ந்துகொண்டார். ஸ்டேஷன் இருக்கிற ஊரிலும் அம்மன் இருக்கிறாள், அவர்களுக்கும் காப்பு உண்டு, சொன்னால் புரியாதா என்றார். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. போக மனமில்லாதவருக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அங்கே தமிழ் படிக்கத் தெரியாதே என்று இங்கிலீஷில் எழுதினேன். மரியாதைக்குரிய ஐயா, எங்கள் ஊரில் திருவிழா, ஆகையால் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வர இயலாது, ஒருநாள் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள. அதன் கீழே அப்பா, ஜெயிலில் பழகிய கையெழுத்தை நிதானமாகப் போட்டார். எட்டு நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டு சாமி பார்த்தார். கடைசி நாள் எல்லாரும் காப்பை அவிழ்த்துக் கிணற்றில் விட்டார்கள். அப்பா மட்டும் அந்த மஞ்சள் கயிற்றைச் சாட்சிக்கு ஆகுமென்று லெட்டருக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு போனவர் செவ்வாய் மதியம் வரவில்லை. புதன் மாலை மாமா மட்டும் வந்தார். ஜாமீனை ரத்து செய்யக் கேட்டிருக்கிறார்கள், ஆளை உள்ளே வைத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தானியம் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசாரணை நாளில் அம்மாவும் மாமாவும் போய்வந்தார்கள். அப்பா திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. மூச்சு வாங்காமல் நாலு எட்டு நடக்க அதன்பிறகு அவரால் முடியவில்லை.

வேண்டுமென்றேதான் வரவில்லை என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்று அந்த லெட்டரைக் காட்டித்தான் ஜாமீனை உடைத்தார்கள். இதை வளர்ந்தபின் வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்பாவும் அம்மாவும் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

விசாரணைக்குப் போய்வந்த அன்று, லெட்டர் என்னாயிற்று என்று மாமாவை நச்சரித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், ஜட்ஜ் ஐயாவே வாங்கிப் படித்தார் என்றார். தப்பு ஏதாவது இருந்ததா என்றேன். ஒரு தப்பும் இல்லையாம் என்றார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதை எல்லாரிடமும் சொன்னேன்.