சட்டிக்குள் ஒரு வானம்

பாலக்கரையில் புனலும் டிரங்குப் பெட்டியும் செய்து பிழைத்த பரக்கத் அலிக்கு, கல்யாணம் பண்ணிக்கொள்ளத் தவறிய வயதில் சொப்பு விளையாட ஆசை வந்தது.

1961-ல் திருச்சியில் பொருட்காட்சி போட்டார்கள். அலி மூங்கிலையும் மண்ணெண்ணெய்த் தகரத்தையும் வைத்து அங்கே ஒரு சமையற்கட்டு கட்டினார். உள்ளே போனால் எப்பேர்ப்பட்ட மனுஷனும் சாண் உயரம் ஆகிவிடுவான். ரசச்சட்டிக்குள் ஏணி வைத்து இறங்கலாம். அடியில் நட்சத்திரம் வரைந்த வானம். கரண்டிதான் ஊஞ்சல். சோற்றுப் பருக்கைகள் இலவம்பஞ்சுத் தலையணைகள். நாய் அளவு எறும்பு ஒன்று ஒரு பருக்கையைத் திருடிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றது.

கமிட்டிச் செயலாளர் மாத்ருபூதம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதனால நாட்டுக்கு என்னங்க பிரயோசனம்?"

"சிரிக்கலாங்க."

சிரிப்புக்கு இலாகா கிடையாது. ஆகவே கோழி வளர்ப்புக்கும் மலேரியா ஒழிப்புக்கும் நடுவே இடம் ஒதுக்கினார்கள்.

உண்மையில் அலி சிரிக்கவைக்க நினைத்தது ஊரை அல்ல, அக்கா ஆபிதாவை. சின்ன வயதில் கொல்லையில் அவள் மண்சோறு ஆக்கிப் போடுவாள். இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உப்பு பத்தல" என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஹனீஃபா மச்சானைக் கட்டிக்கொண்டு போனபோது அந்தச் சிரிப்பைக் கொல்லையிலேயே விட்டுவிட்டுப் போனாள் என்றுதான் அலி நம்பினார்.

பெண்களுக்கென்று ஒதுக்கிய நாளில் மச்சான் அவளை அனுப்பினார், மதியச் சமையல் முடிந்த பிறகு. ஊர்ப் பெண்கள் கரண்டியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆபிதா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு சட்டியைச் சுற்றி வந்தாள். விளிம்பை விரலால் தேய்த்து மோந்து பார்த்தாள்.

"நம்ம கொல்லை ஞாபகம் வருதாக்கா?"

"வருது. அன்னிக்கும் நீதான் உக்காந்து தின்னே."

அலி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இம்மாம் பெரிய சட்டிய யாருடா கழுவுறது?"

"இது வெளாட்டுக்கா."

"அப்பவும் அப்படித்தான் சொன்னீங்க எல்லாரும்."

"ஊஞ்சல்லயாவது ஒரு நிமிஷம் உக்காரேன்."

"உங்க மச்சான் எந்திரிச்சிருவாரு. டீ போடணும்."

போய்விட்டாள்.

முதல் பரிசு கோழிக்கு. அலிக்கு இரண்டாவது. பரிசு கொடுத்தவர் பாத்திரக்கடைக்காரர் என்பதால் கிடைத்தது பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சா. ஒண்டிக்கட்டைக்கு அது எதற்கு என்று மச்சான் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். கையோடு அதில் 'ஹனீஃபா' என்று பேரும் வெட்டினார். சமையற்கட்டு பிரிபட்டு மறுபடி புனல்களானது. எறும்பு மட்டும் கடைக்கூரையில் ஏறிக்கொண்டது.

பெருநாளன்று அக்கா வீட்டில் விருந்து. சம்மணம் போட்டுச் சாப்பிட்ட அலி, கை கழுவக் கொல்லைப் பக்கம் போனார். அடுத்த ஈடு ஆக்குவதற்காகத் தேக்சாவைப் பக்கவாட்டில் சாய்த்து, இடுப்புவரை உள்ளே போய் யாரோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

காலடிச் சத்தம் கேட்டு உள்ளிருந்து குரல் முழங்கியது:

"யாரு, அலியா? உப்பு பத்துச்சாடா?"

பத்தவில்லை.

"பத்துச்சுக்கா," என்றார் பரக்கத் அலி.