மிக்ஸிக்கு வெச்ச ஒப்பாரி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல நான் எறங்கினா இன்னிக்கும் ரெண்டு பேராவது நிறுத்திடுவாங்க. "நீங்க அந்த மாமியார் தானே? மிக்ஸிக்கு ஒப்பாரி வெச்சீங்களே!" வாயெல்லாம் பல்லா நிப்பாங்க. செல்ஃபி எடுப்பாங்க. நானும் சிரிப்பேன், பொழைப்பு அது. ஆனா வூட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுறப்போ என் மேலயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். ஏன்னா அந்த ஒப்பாரி என்னுது இல்ல. எழுதிக் குடுத்தவருதும் இல்ல. எங்க அக்காவுது. அவ புருஷன் செத்த அன்னிக்கி அவ அழுதது.

இத எந்தப் பேட்டியிலயும் நான் சொன்னதில்ல. "அந்த சீன் எப்பிடிம்மா வந்துச்சு?"ன்னு கேப்பாங்க. "ஸ்பாட்ல தானா வந்துச்சுங்க, கடவுள் குடுத்தது"ம்பேன். கடவுளாம்! திருடினது நான், பேரு கடவுளுக்கு.

எங்க ஊரு காவாந்தண்டலம் பக்கம். அண்ணன் தம்பி கெடையாது, அக்காவும் நானும் தான். அவளப் பக்கத்துலயே கட்டிக் குடுத்தாங்க. மாமாவுக்கு ரெண்டு ஏக்கர், ஒரு கெணறு, ஒரு மோட்டாரு. கழனிக்கு மூணு பேஸ் கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு லைன்மேனுக்கே தெரியாத காலம் அது. மாமா அதுக்குன்னே ஒரு காதத் தொறந்து வெச்சிக்கினு தூங்குவாரு. ஒரு நாள் விடியக்காத்தால கரண்டு வந்துடுச்சுன்னு எழுந்து ஓடினவரு, ஈரக் காலோட ஸ்டார்ட்டரத் தொட்டாரு. அவ்ளோதான்.

வாசல்ல பெஞ்சு மேல கெடத்தியிருந்தாங்க. அக்கா காலையிலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல. மூணு வயசுப் பொண்ண மடியில வெச்சிக்கினு மரமாட்டம் உக்காந்திருந்தா. "அழுதுடும்மா, அழாம இருந்தா நெஞ்சு வெடிச்சிடும்"னு பொம்பளைங்க கெஞ்சினாங்க. உச்சி வேளைக்கி திடீர்னு கரண்டு வந்துச்சு. சுத்தி நாலு பக்கமும் கழனியில மோட்டாருங்க ஓட ஆரம்பிச்சுது. அந்தச் சத்தம் காதுல வுழுந்ததும் அக்கா எழுந்து போயி மாமா தோளப் புடிச்சு உலுக்கினா.

"கரண்டு வந்தா எழுந்திருப்ப, என் ராசா,
கரண்டு வந்து நிக்குதே, நீ எழுந்திரிக்கலியே!"

அப்புறம் நிறுத்தவே முடியல. அதையே திருப்பித் திருப்பி, ஒவ்வொரு வாட்டியும் தொண்டை கிழிய. மேளம் அடிக்க வந்தவங்க கூட கைய நிறுத்திட்டாங்க. நான் தான் அவளக் கட்டிக்கினு இருந்தேன்.

அப்ப நான் மெட்ராஸ்ல நாடகக் கம்பெனியில சில்லறை வேஷம் போட்டுக்கினு இருந்தேன். அதுக்கப்புறம் பத்து வருஷம் நாய் படாத பாடு பட்டுதான் அந்த டிவி காமெடியில மாமியார் வேஷம் கெடச்சுது. வளசரவாக்கத்துல ஒரு வாடகை வூடு, அதுதான் எங்க செட்டு. எங்க வேல எப்பிடின்னா, வசனப் பேப்பரு காலையில தான் வரும். சில நாள் பாதி தான் வரும். மீதிய டைரக்டரு வாயால சொல்லுவாரு. அதுவும் இல்லன்னா, "அம்மா, நீங்களே ஏதாச்சும் போட்டுக்கோங்க." நாங்க போடுவோம். எங்க அம்மா பேச்சு, பக்கத்து வூட்டு சண்ட, பஸ்ல கேட்டது, எல்லாத்தையும் அள்ளிப் போடுவோம். நல்லா போடுறவங்களுக்குத்தான் அடுத்த வாரம் சீன் இருக்கும்.

அன்னிக்கி சீன் இதான். மருமவ வாங்கின புது மிக்ஸி ரிப்பேரு. மாமியார் அத மடியில வெச்சிக்கினு பொலம்பணும். பேப்பர்ல இருந்த வசனம் செத்துப் போன வசனம், யாருக்கும் சிரிப்பு வரல. டைரக்டரு தலையச் சொறிஞ்சாரு. "அம்மா, நீங்க ஊருப் பக்கம் தானே? சாவு வூட்டுல அழுவாங்களே, அது மாதிரி போடுங்களேன்."

ஆக்ஷன்னு சொன்னாரு. நான் மிக்ஸியக் கட்டிப் புடிச்சேன். வாயத் தொறந்தேன். அக்காவோடது அப்பிடியே வந்துச்சு, ஒரு எழுத்து மாறாம. மாத்த வேண்டிய அவசியமே இல்ல பாருங்க, மிக்ஸிக்கும் அது அப்பிடியே பொருந்திப் போச்சு! கேமராமேன் வாயப் பொத்திக்கினு குலுங்குறாரு. லைட்டுப் புடிச்சவங்க கீழ உக்காந்துட்டாங்க.

மொத வாட்டி தெரியாம வந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். ரெண்டாவது வரியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னாலும், வாய் போற போக்குல போச்சுன்னு சமாளிக்கலாம். ஆனா டைரக்டரு, "குளோசப்புக்கு இன்னொரு வாட்டி, அதே மாதிரி"ன்னாரு பாருங்க, அப்ப நான் வாணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. இன்னும் நல்லா பண்ணேன். அக்கா மாமா தோளப் புடிச்சு உலுக்கின மாதிரியே ரெண்டு கையாலயும் மிக்ஸி ஜாரப் புடிச்சு உலுக்கினேன். யாரும் என்னக் கேக்காத ஒண்ண நானா சேத்தேன். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு வெக்கமே இல்ல, சந்தோஷமா இருந்துச்சு.

சிரிப்புச் சத்தத்த எங்களுக்கு எடிட்டிங்ல தான் சேப்பாங்க. எந்த எடத்துல சிரிக்கணும்னு அவங்களே முடிவு பண்ணி, ஒரு பெரிய கூட்டம் சிரிக்கிற மாதிரி ஒட்டுவாங்க. அந்த சீனுக்கு எல்லாத்தையும் வுட நீளமா ஒட்டியிருந்தாங்க.

ஊர்ல நடந்தத அக்கா பொண்ணு ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னா. என் நாடகம் போடுற அன்னிக்கி தெருவே அக்கா வூட்டுல தான் இருக்குமாம். தங்கச்சி டிவியில வர்றான்னு அக்காவுக்கு அவ்ளோ பெரும, எல்லாருக்கும் டீ போட்டுக் குடுப்பாளாம். அன்னிக்கி நான் மிக்ஸிய மடியில வெச்சதுமே எல்லாரும் சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்களாம். நான் வாயத் தொறந்ததும், சாவு அன்னிக்கி அங்க இருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்களாம். வூட்டுல ஒரு சத்தம் கெடையாது. டிவி மட்டும் சிரிச்சிக்கினே இருந்துதாம். அக்கா டம்ளரெல்லாம் எடுத்துக்கினு பின்னாடி கழுவப் போயிட்டா.

அவ என்ன ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா பரவால்ல. நான் ஊருக்குப் போனா சோறு போடுவா, கொழம்பு ஊத்துவா, "போதுமா?"ம்பா. அவ்ளோதான் பேச்சு. நாடகத்தப் பத்தி மூச்சு வுட மாட்டா. நானும் வாயத் தொறக்கல. அடுத்த வாட்டி சொல்லலாம், அடுத்த வாட்டி சொல்லலாம்னு தள்ளிப் போட்டே எனக்கு தல நரைச்சுப் போச்சு. நாடகமும் முடிஞ்சுது, வேஷமும் நின்னுது. ஆனா அந்தச் சீன் மட்டும் சாவல. இப்ப அத வெட்டி எல்லாரும் போன்ல வெச்சிக்கினு கீறாங்க. கரண்டு போயி திரும்பி வந்தா போதும், ஊரு குரூப்ல உடனே நான் தான் மிக்ஸியோட வருவேன். அந்த குரூப்ல அக்கா பொண்ணும் இருக்கா.

அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுன்னு அந்தப் பொண்ணு தான் போன் பண்ணா. "சித்தி, எனக்கு ஷிப்டு வேல, லீவு குடுக்க மாட்டேங்குறான். நீ வந்து கூட இரு சித்தி." ஒரகடம் பக்கம் கம்பெனியில வேல செய்றா, பாவம். நான் பொட்டி கட்டிக்கினு வந்துட்டேன். வாரத்துக்கு ரெண்டு நாள் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிம்போயி டயாலிசிஸ் பண்ணிக் கூட்டிம்வரணும். பண்ணிக்கினு வந்தா அன்னிக்கி பூரா பொணமாட்டம் கெடப்பா. கால் அமுக்கி வுடுவேன். ஒரே ஒரு ஆச தான் எனக்கு. இவ போறதுக்குள்ள மன்னிப்புக் கேட்டுடணும், "வுடுடி, பரவால்ல"ன்னு ஒரு வார்த்த இவ வாயால கேட்டுடணும்.

ஒரு நாள் திரும்பி வர்றப்போ, மாகறல் தாண்டினதும் கார் டிரைவரு கண்ணாடியில என்னப் பாத்துட்டாரு. "அம்மா! நீங்க அவங்க தானே? ஒரே ஒரு வாட்டி அந்த ஒப்பாரி சொல்லுங்கம்மா, என் பொண்டாட்டிக்கு ரெக்கார்டு பண்ணி அனுப்புறேன்." "வாணாம்பா, ரோட்டப் பாத்து ஓட்டு"ன்னேன். பக்கத்துல கண்ண மூடிக்கினு சாஞ்சிருந்த அக்கா, கண்ணத் தொறக்காமயே சொன்னா: "செய்டி. ஆசையா கேக்குறாரு இல்ல."

வூட்டுக்கு வந்ததும் அவ கால்ல வுழுந்துட்டேன். நடிப்பு இல்லீங்க, நெஜமாவே வுழுந்தேன். "அக்கா, தப்புப் பண்ணிட்டேன் அக்கா. தெரிஞ்சே பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிடு."

அவ கால இழுத்துக்கினா. அப்புறம் சொன்னா. "நீ சிரிக்க வெச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அது ஒன் தொழிலு. ஆனா அதுக்கப்புறம் எனக்கு அவர நெனச்சு அழ வரலடி. வருஷா வருஷம் தெவசத்துக்குப் படையல் போட்டுட்டு உக்காருவேன். வாயத் தொறந்தா அவரு வர மாட்டாரு. ஒன் மூஞ்சி வரும். அந்த சிரிப்பு கேக்கும். அவர நெனச்சு அழறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் எடுத்துக்கினு போயிட்ட."

சொல்லிட்டு சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கினா. படுத்தவ மறுபடி சொன்னா: "நான் செத்தா நீ வாயத் தொறக்கக் கூடாது. பொறந்த வூட்டுக் கோடித் துணி கொண்டாந்து போடு. பேசாம நில்லு. என்னையும் எவனும் பாத்து சிரிக்க வாணாம்." சரிக்கா, சரிக்கான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது?

ஆடி மாசம் ஒரு காலையில கஞ்சி எடுத்துக்கினு போனேன், அவ உசுரு போயிருந்துச்சு.

எங்க பக்கம் பொறந்த வூட்டுல இருந்து கோடித் துணி வரணும். கோடி கொண்டார்ற பொம்பள வாசல்லேருந்தே அழுதுக்கினு வரணும். அப்புறம் தான் மத்த பொம்பளைங்க வட்டமா கட்டிக்கினு ஒப்பாரி வெப்பாங்க. பொறந்த வூடுன்னு மிச்சம் இருந்தது நான் ஒருத்தி தான். பொடவைய எடுத்துக்கினு தெரு மொனையிலேருந்து நடந்து வந்தேன். வாசல்ல ஊரே நின்னுது. ரெண்டு மூணு பேரு கையில போனு ரெடியா இருந்ததையும் பாத்தேன். பொடவைய அக்கா மேல போத்தினேன். பல்ல இறுக்கிக் கடிச்சிக்கினு நின்னேன்.

"இன்னாமே இது, கூடப் பொறந்தவ கல்லாட்டம் நிக்கிறா?"ன்னு ஒருத்தி கேட்டா. "கேமரா இருந்தாத்தான் அழுவா போல கீது"ன்னு இன்னொருத்தி. நான் ஆரம்பிக்காததால யாரும் வட்டம் கட்டல. அக்கா பொண்ணு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினா. "சித்தி, எனக்கு அழுது பாட தெரியாது சித்தி. நீயாவது அழு. எங்கம்மா சும்மா போவக் கூடாது சித்தி, ரெண்டு வரி அழு!" நான் தலைய ஆட்டினேன், முடியாதுன்னு. அவ என் மூஞ்சியவே பாத்தா. கைய வுட்டுட்டா. அக்காவ ஒரு ஒப்பாரி இல்லாமத்தான் தூக்கிக்கினு போனாங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம், அந்தப் பொண்ண உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். மிக்ஸி, குளோசப்பு, அவங்கம்மாவுக்கு அழ வராமப் போனது, என் கிட்ட வாங்கின சத்தியம், ஒண்ணு வுடாம. சொல்றப்போ எனக்குக் கண்ணீர் தாரை தாரையா ஊத்துச்சு. பதினாறு நாளா அடக்கினது.

அவ முழுசா கேட்டா. முடிச்சதும் எழுந்தா.

"எங்கம்மா அப்பிடியெல்லாம் சொல்லியிருக்க மாட்டா. ஆனா நீ நல்லா சொல்ற சித்தி. டிவியில பாக்குறா மாதிரியே கீது."

என் பொட்டிய எடுத்து வெளிய வெச்சா. வூட்டப் பூட்டி, சாவிய எதிர் வூட்டுல குடுத்துட்டு, கம்பெனி பஸ்சுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா.