கண்ணுக்கு நேரே ஒரு முடிச்சு

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு ஹோலில், படம் எதுவும் இல்லாத சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அந்த ஆணியில் ஒரு வெள்ளை நூலை அதன் முடிச்சில் கொழுவி வைத்திருக்கிறேன். நூலின் நுனி சரியாக நிலத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒட்டடை என்று நினைத்து இழுக்கப் போவார்கள். "அதிலை கை வையாதையுங்கோ!" என்று என் மாமி குசினிக்குள் இருந்தே சத்தம் போடுவா.

அது என் மச்சாளுடைய நூல். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை, மாமியின் ஒரே மகள். எங்கள் பக்கத்தில் இந்த உறவுக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல்தான். நானும் அவளுக்கு மச்சாள். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தாள். மிச்ச நேரமெல்லாம் வெங்காயத் தோட்டத்தையும், புகையிலைக்கு வாய்க்கால் வழியே தண்ணி மாறுகிறவர்களையும், கிணற்றடியையும் வரைந்து தள்ளினாள். நான் யாழ்ப்பாணம் டவுனில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை செய்கிறேன். கலியாணக் காட், பெண் பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டு பானர், கடைத் திறப்பு விழா நோட்டீஸ் எல்லாம் வரும். அவற்றை விடக் கூட வருவது கண்ணீர் அஞ்சலிதான். பெரிதாக முகம், கீழே பெயர், அதற்குக் கீழே பிறந்த திகதி ஒன்று, மறைந்த திகதி ஒன்று. எங்கள் ஊர்ச் சந்திகளில் சுவரும் மின்கம்பமும் இந்த முகங்களால் நிறைந்திருக்கும். ஒருவர் செத்தது பாதிப்பேருக்குத் தெரிய வருவதே அதைப் பார்த்துத்தான்.

மச்சாளுடைய முதல் கண்காட்சியை நானும் அவளும் சேர்ந்தே ஒழுங்கு செய்தோம். பெரிய மனிதர்கள் வந்தார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள், படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ரோல்ஸ் தின்றார்கள், போனார்கள். அதற்குப் பிறகு ஒரு சனம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஊர் முழுவதையும் திட்டித் தீர்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "சனத்திலை பிழையில்லை மச்சாள். எங்களுக்குத்தான் கூப்பிடத் தெரியேல்லை. தோட்டத்துக்குப் போற சனம் தானா உள்ளுக்கு வரோணும். வந்து ஒரு படத்துக்கு முன்னாலை நிக்கோணும். எனக்கு அது போதும்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் பள்ளிக்கூட விடுமுறையில் இரண்டு பேரும் கொழும்புக்கு ரயில் ஏறினோம். வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்கார வீட்டில் தங்கி, கலைக்கூடம் கலைக்கூடமாக அலைந்தோம். முதல் இடத்தில் வாசலுக்கு வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். பளிங்கு மாதிரி மினுங்கிய நிலத்தில் வெறுங்காலோடு நடந்தவளைக் காவலாளி ஓடிவந்து மறித்து, போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளோ, "பரவாயில்லை ஐயா, எனக்கு இதுதான் சுகம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அப்படியே நடந்தாள். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

படங்களை நான் பார்த்தேன். அவள் படங்களுக்கு இடையே இருந்த சுவரைப் பார்த்தாள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்தால் விழுகிறது, களைத்தவர்கள் குந்தியிருக்க வாங்கு எங்கே போட்டிருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குக் கவலை. பிறகு கைப்பையில் இருந்து ஒரு நூலை எடுத்தாள். தையல் நூல் இல்லை, தடித்த வெள்ளை நூல். படத்துக்குப் பக்கத்தில் நின்று நுனியை நிலம் வரைக்கும் விட்டு, படத்தின் நடு எந்த உயரத்தில் வருகிறதோ அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். "அளவு நாடா கொண்டு வந்திருக்கலாமே, விசரி" என்றேன். "நாடாவைக் கண்டால் காவல்காரன் திரத்துவான். நூலை ஆர் கேக்கப்போறான்?" என்றாள்.

ஒரு கலைக்கூடத்து மதிலில் ஒட்டியிருந்த சுவரொட்டியின் முன்னால் இரண்டு பேரும் மலைத்துப்போய் நின்றோம். ஓவியரின் முகம் மட்டும் கறுப்பு வெள்ளையில். கீழே பெயர், தொடங்கும் திகதி, முடியும் திகதி, இடம். அவ்வளவுதான். "பாரும் மச்சாள், என்ன வடிவு! ஒரு சரிகையில்லை, ஒரு ரோசாப்பூவில்லை. எங்களுக்கும் இப்பிடித்தான் அடிக்கிறம்" என்றாள். அங்கேயே வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவளை நிறுத்திப் போனில் ஒரு படம் எடுத்தேன். சிரிக்கப் போகிறவள் மாதிரி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். நேரே என் கண்ணைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாமியைச் சுவரோடு நிறுத்தினாள். "எணை அம்மா, எப்பன் ஆடாமல் நில்லு. உது கொழும்புக்காரற்றை உயரம், எங்கடை பெண்டுகளுக்குச் சரிவராது." கொழும்பு முடிச்சை அவிழ்த்துவிட்டு, மாமியின் கண் வந்த இடத்தில் புது முடிச்சைப் போட்டு இறுக்கினாள். வாசல் நிலைக்கு மேலே, சின்னச் சிவப்பு பல்ப் எரிய மாட்டியிருந்த மாமாவின் படத்தையும் விட்டுவைக்கவில்லை. "செத்த ஆக்களை ஏன் முகட்டிலை ஏத்தி வைக்கிறியள்? அப்பாவைப் பாக்கக் கழுத்து நோகுது." மாமி, "அது அப்பிடித்தான் வைக்கிறது. விசர்க்கதை கதையாதை" என்று நூலைத் தட்டிவிட்டுப் போனா.

சுவரொட்டியை நானே செய்தேன். கறுப்பு வெள்ளையில் அவள் முகம், பெயர், இரண்டு திகதி. பொழுது விடிந்தால் கண்ணீர் அஞ்சலி அடிக்கிற எனக்கே ஒன்றும் படவில்லை என்றால் பாருங்கள்! ஒட்டிய மறுநாள் காலை யாரோ சொல்லக் கேட்டு, பருத்தித்துறையில் இருந்து மாமியின் அக்கா, எங்கள் பெரியம்மா, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினா. "ஐயோ, என்ரை குஞ்சு, எங்களை விட்டிட்டுப் போட்டியேடி" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் குழறிக்கொண்டு வந்தா. படலையைத் திறந்தது வாயில் பிரஷ்ஷோடு நின்ற மச்சாள்தான். "வாங்கோ பெரியம்மா, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" பெரியம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. பிறகு எழும்பி அவளுக்கு ஓங்கி ஓர் அடி கொடுத்து, கட்டிப்பிடித்து அழுதா. அன்று முழுக்கச் சனம் வந்தபடி இருந்தது. முகமும் இரண்டு திகதியும் கண்டால் எங்கள் ஊர் வேறென்ன நினைக்கும்? மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அந்தச் சனம்தான் கண்காட்சிக்கும் வந்தது. செத்துப் பிழைத்தவளைப் பார்க்க வந்தார்கள். மண்டப வாசலில் யாரும் சொல்லாமலே செருப்புகள் குவிந்தன. பெரியம்மா கிணற்றடிப் படத்துக்கு முன்னால் போய் நின்றா. அண்ணாந்து பார்க்கவும் இல்லை, குனியவும் இல்லை. படம் அவவின் கண்ணுக்கு நேரே இருந்தது. "உது எங்கடை கிணறெல்லே. இந்தத் துலாவைப் பிடிச்சுத்தானே நான் குளிச்சனான்" என்று சொல்லி, அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. மச்சாள் என் கையைக் கிள்ளினாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் கண்டதே இல்லை.

அடுத்த மாரிக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. "சும்மா தடிமன், தேத்தண்ணி ஊத்தும்" என்றாள். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. என் மச்சாள் செத்துப்போனாள்.

அச்சக முதலாளி, "பிள்ளை, நீ செய்யாதை, வேறை ஆரும் செய்யட்டும்" என்றார். நான் விடவில்லை. அவள் முகத்தை ஓர் அந்நியனின் கையில் எப்படிக் கொடுப்பேன்? பழைய கோப்பைத் திறந்தேன். அதே முகம், அதே புருவம். பெயர் இருந்த இடத்தில் இருக்க, திகதிகளை மட்டும் மாற்றினேன். ஒட்டிய அன்று அவளோடு படிப்பிக்கும் சிநேகிதி போன் எடுத்து, சிரித்துக்கொண்டே, "என்ன, உவள் திரும்பவும் வேலையைக் காட்டிப்போட்டாளே! இந்தமுறை எங்கை கண்காட்சி?" என்று கேட்டா. எனக்குப் பின்னால் வீடு அழுத சத்தம் போனுக்குள்ளால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கமும் ஒரு குழறல் கேட்டது.

பெரியம்மாவுக்கும் யாரோ சுவரொட்டியைக் காட்டியிருக்கிறார்கள். "உதிலை நான் இன்னொருக்கால் ஏமாறமாட்டன்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாவாம். என் கணவர் ஆளனுப்பி, உண்மையென்று நம்பி அவ வந்து சேர்ந்தபோது பிரேதம் எடுத்தாகிவிட்டது. வெறும் முற்றத்தில் குந்தியிருந்து தன் கையைத் தானே அடித்துக்கொண்டா. அந்தச் சுவரொட்டியை நினைத்து நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அன்றைக்கு எனக்குக் கசந்தது. இன்றும் கசக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு அதே படத்தைப் பிரேம் போட்டு எடுத்து வந்தோம். என் கணவர் ஸ்டூலைப் போட்டு, மாமாவின் படத்துக்குப் பக்கத்தில், நிலைக்கு மேலே ஆணி அடிக்க ஏறினார். "அங்கை வேண்டாம். அவளை அங்கை ஏத்தாதையுங்கோ" என்று கத்தினேன். அவள் கைப்பையில் இருந்து நூலை எடுத்தேன். நுனியை நிலத்தில் விட்டு, முடிச்சு வந்த இடத்தில் ஆணி அடிக்கச் செய்து அவளைக் கொழுவினேன். அவள் சொன்ன உயரம். எனக்கு ஒரு கடமையைச் செய்த ஆறுதல்.

ஆனால் அது மாமியின் கண்ணுக்கு அளந்த முடிச்சு. ஒவ்வொரு நாளும் சாமிக்குப் பூ வைக்க அந்த வழியால்தான் மாமி போகவேண்டும். ஒவ்வொரு நாளும் மகள் ஒரு புருவத்தைத் தூக்கி, நேரே தாயின் கண்ணைப் பார்த்தாள். கொஞ்ச நாளில் மாமி ஹோலுக்குள் வருவதை விட்டுவிட்டா. குசினி வாசலால் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு சாமியறைக்குப் போகத் தொடங்கினா. மழையிலும் அப்படித்தான். ஒருநாள் நனைந்த தலையோடு வந்து என் கையைப் பிடித்தா. "பிள்ளை, அவளை எப்பன் மேலை தூக்கிவிடு. அவள் பாக்கிறாள். என்னாலை ஏலாது."

நானே ஸ்டூலில் ஏறி, அவளைத் தகப்பனுக்குப் பக்கத்தில் மாட்டினேன். எங்கள் சனம் செத்தவர்களை ஏன் அவ்வளவு உயரத்தில் வைக்கிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. மாமி இப்போது ஹோலால் போய் வருகிறா. கீழே ஆணியும் நூலும் மிஞ்சியிருக்கின்றன. வேலைக்குப் போகும்போது அந்த முடிச்சைத் தொட்டுவிட்டு, நிலைக்கு மேலே அண்ணாந்து பார்ப்பேன். நீர் சொன்னது சரிதான் மச்சாள். கழுத்து நோகுது.