வெடிப்பான கால்

இந்த ஊரில் யார் வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு வார்த்தை சொல்வார்கள்: "காலு கழுகிட்டு கேறிக்கோ." வந்த புதிதில் ஸ்ரீவராகம் பக்கம் ஒரு வீட்டில் இதைக் கேட்டதும் நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். கழுகு எதுவும் பறக்கவில்லை. வீட்டுக்கார அம்மா என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழாயைக் கை காட்டினார். கழுவுவதைத்தான் இங்கே கழுகுவது என்கிறார்கள், உள்ளே வருவதைக் கேறுவது என்கிறார்கள். திருவனந்தபுரத்தின் பாஷை முழுக்க வேறாக இருந்தால் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். பாதி நம்முடையதாக இருப்பதுதான் வம்பு. தெரிந்த சொல்தானே என்று நம்பிப் போவோம், அர்த்தம் வேறு தெருவில் குடியிருக்கும்.

திருநெல்வேலியில் இருக்கும் நீங்கள், "ஸ்டெல்லாவுக்கு என்ன, கேரளாவில் குளிர்ச்சியாக இருக்கிறாள்" என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். குளிர்ச்சிதான். நாள் முழுக்கக் கால் ஈரத்திலேயே இருக்கிறது. என் வீட்டுக்காரர் செபாஸ்டின் கொத்தனார், நான் அவருக்குச் சித்தாள். அதற்கு இங்கே மைக்காடு என்று பெயர். பெயர் மாறினாலும் சிமெண்டு மாறவில்லை. கலவையில் நின்று நின்று என் குதிகால் இரண்டும் கோடைக் குளத்துத் தரை மாதிரிப் பிளந்து கிடக்கின்றன. மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் உருக்கிப் பூசிக்கொண்டு படுப்பேன். மறுநாள் கலவை அதைத் தின்றுவிடும்.

கரமனை ஆற்றுப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாதா கோயில். பூசை மலையாளத்தில். எங்களைப் போல வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. நாங்கள் நிற்பது கடைசியில், செருப்புகள் கிடக்கும் கதவோரத்தில். யாரும் அங்கே நிற்கச் சொல்லவில்லை, முன்னால் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. இந்த வருஷம் புதிதாக வந்த இளம் சாமியார், பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல், பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் ஒரு இடம் தமிழ்க்காரர்களுக்கு என்று அறிவித்தார். எங்கள் ஆட்கள் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். "ஒனக்குத்தான் வாய் இருக்கு, நீயே போ" என்றார்கள். பாதம் கழுவுவதற்கு வாய் எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

கோயில் வேலைகளைப் பார்க்கிறவர் லாசர் அண்ணன். நம் ஊர்க் கோயில்பிள்ளையை இங்கே கப்பியார் என்பார்கள். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "காலு நல்ல வெடிப்பாயிட்டு இருக்கணும், கேட்டா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெடித்த கால்தான் வேண்டும் என்று கேட்கிற ஒரு கோயிலா! ஆண்டவர் அன்றைக்குக் கழுவியதும் புழுதியில் நடந்து நடந்து பிளந்த கால்களைத்தானே. எத்தனை வருஷமாக இப்படி ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோயிலில் அப்பாவுக்கு அந்தப் பன்னிரண்டில் ஒரு இடம் கிடைத்தது. அன்று மத்தியானம் முழுக்க அப்பா கிணற்றடியில் உட்கார்ந்து செங்கல்லால் பாதத்தைத் தேய்த்தார். அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். கடைசியில் பவுடர் வேறு. சாயங்காலம் சாமியார் வந்து மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடைத்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். "கழுவுன கால எதுக்குப்பா திரும்பக் கழுவுதாங்க?" என்று கேட்டேன். "அது கோயில் முறைளா" என்று அப்பா சிரித்தார். அந்தப் பதில் அன்றைக்கே எனக்குப் போதவில்லை. ஊரில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, இங்கேதான் வேஷம் என்று எழுதினால் அது பொய். இரண்டு இடத்திலும் பவுடர் ஒன்றுதான்.

ஆகவே இந்த வியாழன் வேலை முடிந்ததும் காலில் எண்ணெய் தொடவில்லை. சேலையை மட்டும் மாற்றிக்கொண்டு, கணுக்கால் வரை காய்ந்த கலவையோடு போய், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

லாசர் அண்ணன் குனிந்து பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. "ஈ காலும் வச்சோண்டாணா வந்தது? வெடிப்பாயிட்டு வரணும்னு பறஞ்சதல்லே?"

இந்தக் காலோடா வந்தாய் என்கிறார். நான் சேலையைச் சற்றே தூக்கிக் குதிகாலைத் திருப்பிக் காட்டினேன். "இதுக்கு மேல வெடிப்புக்கு எங்கண்ணே போவேன்?"

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார். லாசர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "வெடிப்புன்னு வச்சா விருத்தி!" என்றார். அதுவும் எனக்கு விளங்கவில்லை. நம் ஊரில் விருத்தி ஆவது வம்சம். "க்ளீன், க்ளீன்!" என்றார் கடைசியில். சுத்தமான, சீரான கால். அதற்குத்தான் இங்கே வெடிப்பு என்று பெயராம். என் முகம் கொதித்தது. கதவோரத்தில் எங்கள் ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புறகில் பைப்புண்டு, போய் கழுகிட்டு வா. அல்லெங்கில் வேற ஆளு இருந்தோளும்." என் நாற்காலியில் உட்கார வேறு ஆள் ஏற்கெனவே எழுந்து நின்றார்.

ஒரு நிமிஷம் யோசித்தேன். லாசர் அண்ணன் கெட்டவர் இல்லை. பீடத் துணியைத் தானே துவைத்துச் சுருக்கமில்லாமல் விரிக்கிறவர். சுத்தம்தான் அவருடைய செபம். அப்புறம் என் அழுக்கும் வேஷம்தானோ என்று ஒரு குத்தல். மற்ற நாளில் கழுவிவிட்டுத்தானே வருவேன்? ஆனால் எழுந்து போனால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் அடுத்த வருஷம், "அவங்களுக்கு முறை தெரியாது" என்பதோடு எங்கள் கதை முடிந்துவிடும். திரும்பக் கதவோரம்தான்.

"கழுவத்தானே அண்ணே சாமியார் வாறாரு? அவரு கழுவட்டும்" என்றேன். நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டேன். அவர் என்னென்னவோ சொன்னார். பாட்டு தொடங்கிவிட்டது. நான் எழவில்லை.

சாமியார் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு வந்தார். பூவரும்புபோல் பதினோரு பாதங்கள். ஆளுக்கு மூன்று சொட்டு, வலது காலுக்கு மட்டும். என் முன்னால் மண்டியிட்டுத் தண்ணீர் விட்டதும் சாம்பல் நிறத்தில் ஓடியது. அவர் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி ஊற்றினார். பிறகு கட்டை விரலால் வெடிப்பின் உள்ளே போயிருந்த சிமெண்டைத் தேய்க்க ஆரம்பித்தார். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் தொடங்கியது. குவளை காலியானதும் இன்னொரு குவளைத் தண்ணீரோடு வந்து நின்றவர் லாசர் அண்ணன்தான்.

"வேதனையுண்டோ?" என்று சாமியார் மெல்லக் கேட்டார்.

"இருக்கு சாமி, நெறைய" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் உடனே விரலின் அழுத்தத்தைக் குறைத்தார். மலையாளத்தில் வேதனை என்றால் வலி என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது கால் வலியை. நான் சொன்னது வேறு. ஆனாலும் அந்தக் கோயிலில் நான் செய்த செபங்களில் தப்பாகச் சொன்ன அந்த ஒன்றுதான் உண்மையானது என்று நினைக்கிறேன்.

பூசை முடிந்ததும் கதவோரத்தில் நின்றவர்கள் வெளியே வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அடுத்த வருசமும் நாற்காலி நமக்குத்தான். நான் இடத்த விட்டா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அறை வாசலில் செபாஸ்டின் நின்றிருந்தார். இந்த ஊர் அவர் நாக்கில் எப்போதோ ஏறிவிட்டது. "காலு கழுகிட்டு கேறு" என்றார்.

"ஒண்ணு கழுவியாச்சு. ஒண்ணு பாக்கி."

படியில் உட்கார்ந்து கால்களை விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். வலது கால் மலையாளத்தில் வெடிப்பாக இருந்தது. இடது கால் தமிழில்.