லிஃப்ட் ரூலும் கோமதி மேடமும்

நாலாவது மாடி கோமதி மேடம் இன்று காலையில் போய்விட்டார். மாரடைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பினால் எப்படி மேடம்?

தெரியாதவர்களுக்கு... மேடம் மேனேஜ்மென்ட் புரொஃபசர். ஒரு டீம் ஏன் உடைகிறது, ஒத்துப்போகாத ஆட்களை எப்படி ஒரே மேசையில் உட்காரவைப்பது... வாழ்நாள் முழுக்க இதே ஆராய்ச்சி.

பேச்சுவார்த்தையில் பிஎச்.டி. வாங்கியவர் அவர். பேச்சு வாங்கியவன் நான்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்ட்டில் ஏறக்கூடாது. அசோசியேஷன் ரூல். மரகதம் அக்கா முட்டி வலியோடு தினமும் நாலு மாடி ஏறித்தான் மேடம் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் வருவார்.

நான் என் பாணியில் இறங்கினேன். ‘செக்ரட்டரி லிஃப்ட்டில் ஏறக்கூடாது’ என்று அசோசியேஷன் லெட்டர்ஹெட் மாதிரியே பிரின்ட் எடுத்து ஒட்டிவிட்டேன். செக்ரட்டரி நடராஜ் அங்கிள் கொதித்துப்போய் இனி பேச்சே கிடையாது என்றார்.

மேடம் கூப்பிட்டார். “ஏங்கண்ணு, இப்பத்தான் அந்த மனுசன் ஒக்காந்து பேச வந்தாரு. கெடுத்துப்போட்டியே.”

“அவரு பண்றது தப்பில்லீங்களா மேடம்?”

“தப்புத்தான். அவரு ஏன் வேண்டாங்கறாருன்னு, அவரே தலையாட்டற மாதிரி சொல்லு பாக்கலாம். அப்பறம் உன்ற கட்சியப் பேசு.”

இதுதான் அவர் முறை. எதிராளியின் பக்கத்தைச் சொன்ன பிறகுதான் நம் பக்கம்.

எப்படியோ அங்கிளை மறுபடி பேச வரவைத்தார். மூன்று மீட்டிங். மூன்று! ஒருமுறை கூட்டம் அதிகமாகி லிஃப்ட் நடுவில் நின்றதில் அங்கிளின் அம்மா உள்ளே மாட்டிக்கொண்டாராம். அந்தப் பயத்தை நான் சரியாகச் சொன்ன பிறகுதான் அங்கிள் தலையாட்டினார்.

ரூலை மாற்றும் பேச்சு வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. அதுவரை அக்கா படியில்தான்.

“லிஃப்ட் கேட்டா லெக்சர் குடுக்கறீங்களே மேடம்!” என்று கத்தியே விட்டேன்.

“ரூல அவரு கையாலயே மாத்தோணும் கண்ணு. நீ கத்தறதுல மாறுனா, அடுத்த செக்ரட்டரி வந்து கத்துவாரு.”

எனக்குக் கடுப்புதான் வந்தது.

இன்று மதியம் மேடத்தைக் கீழே பார்க்கிங்கில் வைத்திருந்தார்கள். மேலே இருந்த சொந்தக்காரர்களுக்கு அக்கா டீ ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டு படிப்பக்கம் போனார். நடராஜ் அங்கிள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏறுங்கம்மா. இன்னைக்கு யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க.”

“இன்னைக்கு மட்டுங்களா?” என்றார் அக்கா.

அக்கா படியேறிப் போய்விட்டார்.

காலி லிஃப்ட் பீப் அடித்துக்கொண்டே இருந்தது. அங்கிள் கதவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழம பத்து மணிக்குத்தான தம்பி? அந்தம்மாவையும் வரச் சொல்லு. ரூல் புக்க நானே எடுத்துட்டு வாரேன்.”

பார்ப்போம்...

போய்ட்டு வாங்க மேடம்.