போத்தனூர் வருவதற்குள் ஒரு விக்கெட்

போன மாதம் பாலக்காடு போகும் ரயிலில் எனக்கு எதிரே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சுங்குடிச் சேலை, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஒரு சாத்துக்குடியை விரலால் சுழற்றி மேலே போட்டுப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“இப்படித்தானுங்க அவரு பந்து போடுவாரு” என்று தானாகவே ஆரம்பித்தார்.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஆஸ்திரேலிய சுழற்பந்து வீச்சாளர் ஒருவரின் கதை அது. கொத்தனார் வேலை பார்த்தவர். தலை நரைத்த பிறகுதான் நாட்டு அணியில் இடம் கிடைத்ததாம். முதல் ஆட்டத்தின் கடைசி நாள். இங்கிலாந்து ஜெயிக்கச் சில ரன்களே தேவை. விக்கெட் ஒன்றுதான் பாக்கி. பந்தைச் சுழற்றியே இவர் விரல் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

“போதும், பந்தைக் குடுன்னு கேப்டன் கேக்கறாருங்க. இவரு குடுக்கலையே!”

பெட்டியே மூச்சைப் பிடித்துக் கேட்டது. அந்த நேரம் பார்த்து போத்தனூர் வந்துவிட்டது. அவர் பையோடு இறங்கிவிட்டார். ரயில் நகரத் தொடங்கியது.

நான் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் கத்தினேன். “ஏனுங்க, அவுட்டாச்சுங்களா?”

அவர் ரயிலோடு கூடவே ஓடிவந்தார். “ஸ்டம்ப்பு எகிறிப்போச்சுங்க! ஜெயிச்சுப்போட்டாங்க! ஆனா அந்த விரலு ஆறவே இல்லீங்க. மறுக்கா செவுரு கட்டவே போயிட்டாரு!”

“வருத்தப்படலீங்களா?”

“சாகற மட்டும் அந்தப் பந்தப் பத்தியேதான் பேசுவாராமுங்க!”

பெட்டியில் எல்லாரும் கைதட்டினோம். நான் கிரிக்கெட்டே பார்க்காதவன். என்றைக்கோ எங்கேயோ ஒருவர் ஜெயித்ததைச் சொல்ல அந்த அம்மா ஏன் அப்படி ஓடிவந்தார்? வாளையாறு தாண்டியும் எனக்கு விளங்கவில்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.