ஈரக் கரி

எங்கள் வீட்டுக்குக் கரி கொண்டுவருபவளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இதை இருவருமே மறைத்ததில்லை. இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே ஒளிவு மறைவில்லாத உறவு அதுதான்.

கரி என்றதும் சென்னையிலிருந்து போனில் பேசுபவர்கள் சிரிக்கிறார்கள். அமெரிக்காவில் போய்க் கரி அடுப்பா என்கிறார்கள். அடுப்பு இல்லை, பாய்லர். நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில், ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா என்கிற மலைப்பக்கத்தில், இன்னும் சில பழைய வீடுகள் கரியில்தான் குளிர் காய்கின்றன. பேஸ்மென்ட்டில் ஓர் இரும்புப் பூதம் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பலகை அடித்த பெரிய தொட்டி. தொட்டியில் கரியை நிரப்பிவிட்டால் பூதம் அதைத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்றுகொண்டு, வீடு முழுக்கக் குழாய்களில் வெந்நீரை ஓட்டும். அது தின்னும் பொடிக் கரிக்கு இங்கே ரைஸ் என்று பெயர். போனில் ரைஸ் வேண்டும் என்று முதல் தடவை கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் அதிகம் சிரித்ததில்லை.

இங்கே எப்படி வந்து மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். பல வருடங்கள் இதே நியூ ஜெர்சியில், நம்மூர்க்காரர்கள் நிறைந்த பிஸ்கட்டவேயில் இருந்தோம். டவுன்ஹவுஸ். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் சமையலறையில் கேட்கும். கோவில், காய்கறிக்கடை, கொலுவுக்குக் கூப்பிடும் ஆன்ட்டிகள், என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள், நான் நிறுத்திக்கொண்டவர்கள், எல்லாம் பக்கத்திலேயே. மகன் காலேஜுக்குப் போனதும் என் கணவருக்கு நிலப் பித்து பிடித்தது. வீக்கெண்ட் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கே போய்விடுவார். ஒரு நாள் இந்த வீட்டைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். “உங்க இஷ்டம்” என்றேன். தமிழ்நாட்டில் பிறந்த எந்த ஆணுக்கும் மனைவி சொல்லும் ‘உங்க இஷ்டம்’ என்றால் என்னவென்று தெரியும். இவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அவருக்கென்ன, காலையில் ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். இருட்டிய பிறகுதான் வருவார். நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவள். காதில் ஹெட்செட், ஜன்னலுக்கு வெளியே மரம், மரத்துக்குப் பின்னால் இன்னொரு மரம். மனித முகம் வேண்டுமென்றால் என் மாமனார் முகம்தான். அவர் கிரீன் கார்டில் வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, தலையில் மங்கி கேப், நாள் முழுவதும் ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டை விற்றுவிட்டு பிஸ்கட்டவேக்குத் திரும்பிப் போக வேண்டும்.

கரி வியாபாரம் ஒரு குடும்பத்துடையது. அம்மா போனை எடுப்பாள், மகள் லாரி ஓட்டுவாள். அம்மா ஹலோ சொல்லிக் கேட்டதில்லை. வேண்டியதைச் சொன்னதும் வைத்துவிடுவாள். என்றைக்கு வருவார்கள் என்று கேட்டால் வரும்போது வருவார்கள் என்பாள். மகளுக்கு என் வயதுதான் இருக்கும். முதல் தடவை கரி கொட்ட வந்தபோது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எத்தனை குளிர்காலம் தாங்குவாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அன்றைக்கே நான் அவளுக்குக் கரிக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

போன டிசம்பரில் அவள் வந்தபோது என் மாமனார் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். அவர் தமிழ்நாடு அரசாங்கத்தில் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளம் மட்டும்தான். இங்கே காய்கறிக்கடையில்கூடத் தராசின் அடியில் குனிந்து பார்ப்பார். லாரியின் பின்கதவிலிருந்து தண்ணீர் சொட்டுவதை அவர் கண்கள் உடனே பிடித்துவிட்டன. லாரியிலிருந்து பேஸ்மென்ட் ஜன்னலுக்குள் விட்டிருந்த தகரச் சரிவில் இறங்கும் கரியை ஒரு கை அள்ளினார். ஈரம். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“பாத்தியாம்மா? கரியில தண்ணி அடிச்சு வெயிட் ஏத்துறா. விறகுக் கடைக்காரன், புளி மண்டிக்காரன், பஞ்சு வியாபாரி, எத்தனை பேர இதுல புடிச்சிருக்கேன். அமெரிக்காவுலயும் இதே வேலைதான். கேளு அவள.”

தூசி பறக்காமல் இருக்கத்தான் கரியை நனைத்துக் கொண்டுவருகிறார்கள். வீட்டை விற்றவர் இதை எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார். நான் மாமாவிடம் அதைச் சொல்லியிருக்கலாம். ஒரே வரி. சொல்லவில்லை. கரிக்காரியிடம் திரும்பி, மாமனார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் ஊற்றுகிறாய் என்கிறார். அரசாங்கத்தில் இருந்தவர், உன்னைப் போன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறார், சிலரை ஜெயிலுக்கும் அனுப்பியிருக்கிறார். ஜெயில் என் கைச்சரக்கு.

அவள் சரிவை நிறுத்தினாள். பேஸ்மென்ட் ஜன்னலிலிருந்து அதை உருவி லாரியில் மாட்டினாள். தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகுதான், “வேறு ஆள் பார்த்துக்கொள்” என்றாள். லாரி கீழே இறங்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. சிரித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாமா அன்று ராத்திரி சாப்பாட்டில் இரண்டு தடவை மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கையும் களவுமாகப் பிடித்த கதையை மகனிடம் விஸ்தாரமாகச் சொன்னார். என் கணவர் சோற்றைப் பிசைந்தபடியே என்னைப் பார்த்தார்.

“நீயாவது சொல்லக்கூடாதா?”

“மாமா சொன்னத சொல்லுன்னாரு, சொன்னேன்.”

மறுநாளிலிருந்து என் கணவர் போன் பண்ணத் தொடங்கினார். கரிக்காரியின் அம்மா அவர் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சீசன் நடுவில் புது வீடு எடுப்பதில்லை என்றார்கள். ஒருவன் எங்கள் மலைச்சாலையின் பெயரைக் கேட்டதுமே முடியாது என்றான். எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி வந்தார். பழைய வீட்டு ஒயரிங் ஒன்றைத்தான் தாங்கியது, இரண்டாவதைப் போட்டால் சமையலறை விளக்கு அணைந்தது. இருக்கும் கரியை மிச்சம் பிடிக்க மாடியைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் கீழேயே படுத்தோம். நான் ஜாக்கெட்டோடு சப்பாத்தி இட்டேன். தொட்டியில் கரி இறங்க இறங்க எனக்கு வீடு நெருங்கி வருவதுபோல் இருந்தது. என் வீடு, பிஸ்கட்டவே வீடு.

மாமாவுக்கு இருமல் வந்தது. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வேளாவேளைக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். ஆனால் கரிக்காரிக்குப் போன் பண்ணி ஒரு சாரி சொல்ல என் கை நீளவே இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை என் கணவர் தானாகவே வாயைத் திறந்தார். “அப்பாவ வச்சுக்கிட்டு இப்படி இருக்க முடியாது. வித்துடலாமா?”

“உங்களுக்கு எது சரின்னு படுதோ” என்றேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஒருத்தி வியாழக்கிழமை வந்து வீட்டைப் போட்டோ எடுப்பதாக ஏற்பாடு. அந்த மூன்று நாலு நாளில் நான் வேலை செய்ததுபோல் என் கல்யாணத்துக்குக்கூட யாரும் வேலை செய்திருக்க மாட்டார்கள். சுவரைத் துடைத்தேன். திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டினேன். சோபாவுக்கு வெள்ளை உறை போட்டேன். பேஸ்மென்ட்டிலிருந்த பெட்டிகளை மேலே ஏற்றி, நல்ல பாத்திரங்களை இப்போதே பேக் பண்ண ஆரம்பித்தேன். பழைய பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குப் போன் பண்ணி, பக்கத்தில் ஏதாவது டவுன்ஹவுஸ் விலைக்கு வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்தேன். “அப்பாடா, வந்துடுங்க, ரொம்ப போர் அடிக்குது” என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

வியாழக்கிழமை காலை மீட்டிங்கில் இருந்தேன். ஹெட்செட்டைத் தாண்டி ஒரு சத்தம் கேட்டது, தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதுபோல. கழற்றிவிட்டு எழுந்து வந்தேன். பெட்டி ஏற்றுவதற்காகத் திறந்து வைத்த பேஸ்மென்ட் கதவு வழியாகக் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. தீ என்றுதான் நினைத்தேன். மாமா நாற்காலியிலேயே இருமிக்கொண்டிருந்தார். வெள்ளை உறை என் கண் முன்னாலேயே சாம்பல் நிறமானது. ஸ்வாமி படங்களின் கண்ணாடியில், துவைத்து மாட்டிய திரைச்சீலையில், மூடாமல் வைத்திருந்த சாம்பாரில், எல்லாவற்றிலும் தூசி இறங்கியது. கதவை அடித்துச் சாத்திவிட்டு, மாமாவைப் படுக்கையறைக்கு அனுப்பிவிட்டு, செருப்புக்கூட இல்லாமல் வெளியே ஓடினேன்.

அவள்தான். லாரியின் பின்பெட்டியைத் தூக்கிச் சரிவை ஜன்னலில் விட்டிருந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கரி காய்ந்து, இறங்க இறங்க மேகம் மேகமாகக் கிளம்பியது. நிறுத்து என்று கத்தினேன். அவள் கடைசிக் கரி இறங்கும்வரை நிறுத்தவில்லை.

“உன் மாமனார் கேட்டது போலவே கொண்டுவந்திருக்கிறேன்” என்றாள். “தண்ணீர் கிடையாது. வந்து அள்ளிப் பார்க்கச் சொல்.”

யார் உன்னைக் கூப்பிட்டது, போலீஸைக் கூப்பிடுவேன், என் வீட்டை நாசம் பண்ணிவிட்டாய் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலக் கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். போதாதென்று தமிழிலும் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். ஏஜென்ட் அவர்களுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். வீட்டை வாங்குபவர்கள் கேட்பார்கள், கரி தொடர்ந்து கொடுப்பீர்களா என்று விசாரித்திருக்கிறாள்.

“அப்போதுதான் எனக்கு விளங்கியது” என்றாள். “அன்றைக்கு என்னைத் திருடி என்று சொல்லும்போது நீ சிரித்தாய். நான் பார்த்தேன். அந்தக் கிழவருக்கு என் மேல் கோபம். உனக்கு என் மேல் ஒன்றுமே இல்லை. நான் போனால் போதும் உனக்கு.”

கழற்றிய கையுறையை லாரிக்குள் எறிந்தாள்.

“வருகிறவன் முதல் வேலையாக இந்த பாய்லரைப் பிடுங்கி எறிவான். நான் ஒரு வாடிக்கை வீட்டை இழக்க வேண்டும், நீ ஊர் மாற வேண்டும். அப்படித்தானே? உன் புருஷனிடம் சொல்ல வேண்டியதை அவனிடம் சொல். என் லாரியை வைத்துச் சொல்லாதே.”

ஏறிப் போய்விட்டாள். அவளை இன்றுவரை எனக்குப் பிடிக்காது. நல்ல மனசோடு அவள் எதுவும் செய்யவில்லை, நல்ல மனசு இருந்தால் மாமா இருமிய வீட்டுக்குள் அந்தத் தூசியைக் கொட்டியிருக்க மாட்டாள். ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏஜென்ட் மத்தியானம் வந்தாள். வாசலில் நின்றபடியே மூக்கை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். இதை இப்போது போட்டோ எடுக்க முடியாது, வசந்த காலத்தில் பெயின்ட் அடித்துவிட்டுப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து சுவரைத் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்க்கத் தேய்க்க அது பரவிக்கொண்டே போனது.

இருட்டிய பிறகு அவர் வந்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போய் தொட்டியைப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

“ஃபுல்லா போட்டுட்டுப் போயிருக்காங்க! இனிமே என்ன பிரச்சனை? அந்த ஏஜென்ட்ட கேன்சல் பண்ணிடலாம்.”

துணியை வாளியில் போட்டேன். கை முழங்கை வரைக்கும் கறுப்பு. அத்தனை வருடத்தில் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன்.

“எனக்கு இங்க இருக்கப் பிடிக்கலங்க. கரி இருந்தாலும் பிடிக்கல, இல்லாட்டியும் பிடிக்கல. வந்த நாள்லேருந்தே பிடிக்கல. நான் பிஸ்கட்டவேக்குப் போகணும்.”

ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று சண்டை போடுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் ஆபீஸ் பையைத் தூசி இல்லாத ஒரு இடம் தேடி வைத்துவிட்டு, ஷூவைக் கழற்ற உட்கார்ந்தார்.

“தெரியும்” என்றார்.

“தெரியும்னா?”

“வாங்கும்போதே தெரியும். பழகிடும்னு நெனச்சேன்.”

கீழே பாய்லர் புதுக் கரியை இழுக்க ஆரம்பித்தது. குழாய்களில் வெந்நீர் ஏறும் சத்தம் கேட்டது. அவர் குளிக்கப் போய்விட்டார்.